எண்ணெய் விளக்கிலிருந்து நிலக்கரி வரை: பேராக் தோட்டக் கோயில்களின் எரிபொருள் வரலாறு

மலேசியத் தமிழர் கோயில்களின் வரலாறு, எந்தத் தெய்வம் எந்த ஆண்டில் நிறுவப்பட்டது, எந்தக் கங்காணி முதற்கல்லை நட்டார், எத்தனை குடமுழுக்குகள் நடந்தேறின என்ற வரிசையிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்திருக்கிறது. கோயில் எதை எரித்தது, அந்த எரிபொருள் எங்கிருந்து வந்தது, அதற்கு யார் பணம் கொடுத்தார் என்ற கேள்விகளுக்கு விழா மலர்களில் இடம் கிடைப்பதில்லை. பருவநிலை மாற்றத்தைத் தணிப்பதில் சமயங்களின் பங்கு என்ன என்ற பேச்சு உலக அரங்கில் வலுத்துவிட்ட இக்காலத்தில் அக்கேள்விகளைப் பேராக் மாநிலத்தை முன்வைத்துக் கேட்பது பொருத்தமானது. ஏனெனில் ரப்பர் விறகு, ஈயச் சுரங்கம், நீர்மின்சாரம், சுண்ணாம்புக்கல், நிலக்கரி ஆகிய ஐந்தும் அம்மாநிலத்தின் பொருளியலை உருவாக்கின. அவற்றில் பலவற்றின் அருகில் தமிழரின் வழிபாட்டிடமும் இருந்தது.

பேராக்கின் ரப்பர் வரலாறு கோலகங்சாரில் தொடங்குகிறது. 1877-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒன்பது கன்றுகள், அப்போது பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் ஆட்சியை நடத்திய அதிகாரியாக இருந்த சர் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. மோட்டார் வண்டிச் சக்கரங்களின் தேவையால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது காடுகள் பால்மரக்காடுகளாக, அதாவது ரப்பர் மரத் தோட்டங்களாக மாறின. அவற்றில் வேலை செய்யத் தமிழகத்து ஊர்களிலிருந்து ஆள் திரட்டப்பட்டது. தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் சேர்த்துவரும் கங்காணியின் வழியாகவும், முதலாளிகளிடம் தண்டிய தொகையிலிருந்து தொழிலாளியின் கப்பற்செலவைக் கொடுப்பதற்காக 1907-இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியின் வழியாகவும் நடந்த இந்தக் குடிபெயர்வு, 1938-இல் இந்திய அரசு அதற்குத் தடை விதிக்கும்வரை நீடித்தது. வந்தவர்கள் லயங்களில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகளில் குடியமர்த்தப்பட்டார்கள். லயத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மாரியம்மனும், எல்லையில் ஒரு முனியாண்டியும் வந்து சேர்ந்தார்கள்.

அக்கோயில்கள் நின்ற நிலம் கம்பெனியுடையது என்பதை இவ்வரலாற்றின் அடிப்படைச் செய்தியாகக் கொள்ள வேண்டும். பத்து காஜாவுக்கு அருகே, ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி சுமித் தம் மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் தொழிலாளரிடையே கொள்ளை நோய் பரவியதாகவும், அவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க அவர் ஒரு மாரியம்மன் கோயிலைக் கட்டிக் கொடுத்ததாகவும் சொல்லப்படுகிறது. கோயிலின் மேற்புறச் சுதைச் சிற்பங்களுக்கு நடுவே வெள்ளைக்காரத் துரை ஒருவரின் உருவமும் நிற்கிறது. 1926-இல் கெல்லி சுமித் இறந்தபின் மாளிகை முற்றுப்பெறாமலேயே கைவிடப்பட்டது. கோயிலில் வழிபாடு தொடர்கிறது. துரைக்கு நன்றி செலுத்தும் இந்தச் சிற்பத்தைப் பயணியர் வியப்போடு படமெடுக்கிறார்கள். ஆனால் அது ஒரு நில உறவின் ஆவணமும் ஆகும்: கோயில் வேண்டுமென்றால் துரையிடம் கேட்க வேண்டும், துரை கொடுத்தால் உண்டு. பல தோட்டங்களில் துரை இடம் காட்டினார், சில வேளைகளில் பலகையும் தகரமும் கொடுத்தார், திருவிழாவுக்கு ஒரு நாள் விடுப்பும் தந்தார். பட்டா மட்டும் கொடுக்கவில்லை.

எரிபொருளைப் பொறுத்தவரை தோட்டம் பெருமளவுக்குத் தன்னையே எரித்துக்கொண்ட ஓர் அமைப்பு. மங்குகளில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணங்களில், வடிந்த ரப்பர் பாலை அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளைகளுக்கு இடையே அழுத்தித் தாளாக்கி, அத்தாள்களைப் புகைக்கூடத்தில் நான்கைந்து நாள்கள் தொங்கவிடுவது வழக்கம். ஈரம் வற்றவும் பூசணம் பிடிக்காமல் இருக்கவும் இந்தப் புகை தேவைப்பட்டது. அந்தக் கூடத்து அடுப்புகளில் எரிந்தது பெரும்பாலும் பால்மர விறகே. ஏறத்தாழ இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் குறைந்து, மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கப்பட்ட கிழட்டு மரங்கள் தொழிலாளியின் அடுப்புக்கும் வந்தன. பால்மரத்தை மேசை நாற்காலி செய்வதற்குரிய மரமாகத் தொழில்துறை மதிக்கத் தொடங்கியது 1980களை ஒட்டித்தான். அதற்கு முன் அது விறகு, அவ்வளவே. மாரியம்மனுக்கு வைத்த பொங்கலும், ஊருக்கு வார்த்த கூழும், தீமிதிக்கு மூட்டிய பூக்குழியும் புகைக்கூடத்தை எரித்த அதே விறகினால் ஆனவை. நட்ட மரத்தையே வெட்டி எரித்து, அந்த இடத்தில் மீண்டும் நட்டதால், நிலக்கரியைப் போலப் புதிய கரிமத்தை மண்ணுக்கடியிலிருந்து தோண்டி வானில் சேர்த்த முறை என்று இதைச் சொல்ல முடியாது. அதே வேளையில், அந்தப் பால்மரக்காடு நிற்பதற்காக அதற்கு முன்னிருந்த பெருங்காடு எரிந்தது என்பதையும் மறைக்கலாகாது.

விறகு கைக்கெட்டிய தொலைவில் கிடைத்தது; ஒளியைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. கருவறை விளக்குக்கு நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வேண்டும். லயத்துக்கு மண்ணெண்ணெய் வேண்டும். திருவிழா இரவுக்கு, அழுத்தமூட்டிய மண்ணெண்ணெய் ஆவியால் வலைத்திரியை ஒளிரச் செய்யும் பெட்ரோமாக்ஸ் விளக்கோ, எண்ணெய் தோய்த்த துணிப்பந்தமோ வேண்டும். 1920களின் இறுதியில், எளிதில் சென்றடையத்தக்க மாவட்டங்களில் அரசு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுத்த சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் அதையும் குறைத்தது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்புக்கு, வந்து நிற்க வேண்டிய பால்வெட்டுத் தொழிலாளிக்கு இரவில் நெடுநேரம் விளக்கெரிக்கக் காசும் இல்லை, கண் விழிக்க உடலும் இல்லை. ஆகவே கோயிலில் அன்றாடம் எரிந்தது ஒரு திரியும் சிறிது கற்பூரமும்தான். சித்திரா பௌர்ணமி, தைப்பூசம் போன்ற முழுநிலாக் காலத்து விழாக்கள் தோட்டங்களில் சிறந்து விளங்கியதற்குச் சமயக் காரணங்கள் பல உண்டு. நிலவு செலவில்லாத விளக்கு என்பதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.

இந்தச் சிக்கனத்தை இன்று 'நம் முன்னோரின் சூழலறிவு' என்று புகழும் போக்கு மேடைகளில் காணப்படுகிறது. வரலாற்றாசிரியர் இதற்கு உடன்பட இயலாது. அது வறுமை விதித்த கட்டுப்பாடு; கூலி உயர்ந்த இடத்தில் விளக்கின் எண்ணிக்கையும் உயர்ந்தது. கொள்கையாக வகுக்கப்படாத சிக்கனம் என்பதால்தான், மின்சாரம் வந்தபோது எவ்விதத் தயக்கமுமின்றி அது கைவிடப்பட்டது.

மலாயாவில் மின்சாரமும் கோயிலும் தொடக்கத்திலேயே ஒரு மனிதரிடம் சந்தித்தன. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்தவரும், பத்துமலைக் குகையில் முருக வழிபாட்டுக்கு வித்திட்டவருமான கா. தம்புசாமிப் பிள்ளை, லோக் இயூ என்ற சீனச் சுரங்க முதலாளியோடு கூட்டுச் சேர்ந்து, 1894-இல் சிலாங்கூரின் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவினார். நாட்டின் மின்சார வரலாறு அங்கிருந்தே எண்ணப்படுகிறது. அந்த மின்சாரம் சுரங்கத்து நீரை இறைப்பதற்காக வந்தது. பேராக்கிலும் அதே வரிசைதான். 1913-இல் கிந்தாப் பள்ளத்தாக்கில் முதல் வாளித் தோண்டுகப்பல், அதாவது குளத்தில் மிதந்தபடி வாளிச் சங்கிலியால் ஈயமண்ணை அள்ளும் பெரும் இயந்திரம், இயங்கத் தொடங்கியது. அத்தகைய இயந்திரங்கள் பெருகியபோது அவற்றின் பசிக்காகவே பேராக் ஆற்று நீர்மின் கம்பெனி 1926-இல் உருவாகி, ஆற்றைச் செண்டரோவில் அணையிட்டு மறித்து, 1930-இல் மின்சாரம் எடுத்தது. மாலிம் நாவாரில் அனல்மின் நிலையம் ஒன்றும் அதற்குத் துணை நின்றது. சுரங்கமும் ஈப்போ நகரமும் ஒளி பெற்றன. அதே மின்கம்பிகள் ஓடிய மாவட்டங்களில் தோட்டத்து லயங்கள் மண்ணெண்ணெயிலேயே தொடர்ந்தன. ஈயத்துக்குக் கிடைத்தது ஆளுக்குக் கிடைக்கவில்லை.

தோட்டங்களுக்கு மின்சாரம் துரை பங்களாவிலும் ஆலையிலும் தொடங்கி, டீசல் இயந்திரத்தின் வழியாக மெல்ல லயங்களுக்கு இறங்கியது. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. ஊரடங்கு நிலவிய இடங்களில் இரவுத் திருவிழா எளிதாக இருந்திருக்காது. வேலி அகன்ற பின்னரும் பல தோட்டங்களில் இயந்திரம் மாலையில் ஓடத் தொடங்கி இரவு பத்து மணியளவில் நின்றுவிடும். வானொலிக் கச்சேரியும் கோயில் பூசையும் அந்தச் சில மணி நேரத்துக்குள் அடங்கின. திருவிழா நாளில் இயந்திரத்தைக் கூடுதலாக ஓட்ட நிர்வாகியிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற நிலை, நிலத்தைப் போலவே ஒளியும் கம்பெனியின் கையில் இருந்ததைக் காட்டுகிறது. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுத்த 1966-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1990-இல் வந்த சட்டம்தான், குழாய் நீரையும் போதிய மின்சாரத்தையும் முதலாளி வழங்கியாக வேண்டியவற்றில் சேர்த்தது. செண்டரோ அணை எழுந்து அப்போது அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால் அந்த ஒளி லயத்தை எட்டுவதற்கு வெகு முன்பே தோட்டம் கலையத் தொடங்கியிருந்தது. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதையும், தொழிலாளர் வேலையும் வீடும் ஒருசேர இழந்ததையும் கண்ட வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட வழிவகுத்தார். சுங்கை சிப்புட்டில் பிறந்த அவர், தொழிலாளியின் சிறு பங்குப்பணத்தைத் திரட்டித் தோட்டத்தையே விலைக்கு வாங்கும் வழியை முன்வைத்தார். அது நல்ல முயற்சி. எனினும் கைமாறிய நிலத்தின் பரப்போடு ஒப்பிட்டால் சிறியது. பின்னர் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது, செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவைப்பட்டது, வந்த ஆள்களும் வேறு நாட்டவராக இருந்தார்கள். தோட்டத் தமிழர் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும், சிறுநகர்களின் விளிம்புகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். சில கோயில்கள் செம்பனைக்கு நடுவே தனித்து நின்றன, சில இடம் பெயர்க்கப்பட்டன, சில இடிக்கப்பட்டன.

நகரத்துக்கு வந்த கோயில் உருவத்திலும் மாறியது. பலகையும் தகரமும் போய்ச் சிமெண்டும் கம்பியும் வந்தன. தமிழகத்திலிருந்து ஸ்தபதிகள் வரவழைக்கப்பட்டு அடுக்குக் கோபுரங்கள் எழுந்தன. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் குடமுழுக்கு, திருப்பணி என்ற பெயரில் மேலும் கட்டுவதற்கான வாய்ப்பாக ஆனது. தொடர்விளக்குச் சரங்கள், ஒலிபெருக்கி, மண்டபத்துக் குளிரூட்டி என மின்செலவு கூடியது. அதைப் பக்தியின் அளவுகோலாகக் கொள்ளும் மனப்பான்மையும் கூடவே வளர்ந்தது. இவ்விளக்குகளுக்குப் பின்னால் இருந்த எரிபொருளும் மாறிவிட்டிருந்தது. 2003-இல் பேராக் கடற்கரையில் மஞ்சோங் மாவட்டத்தில் இயங்கத் தொடங்கிய, தலா 700 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகளைக் கொண்ட அனல்மின் நிலையம் கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியை எரிக்கிறது. 2015-இலும் 2017-இலும் அதே வளாகத்தில் ஏறத்தாழ ஆயிரம் மெகாவாட் திறனுள்ள அலகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மின்சாரம் தீபகற்ப மலேசியா முழுதும் ஒரே வலையில் ஓடுவதால் இந்த விளக்கு இந்த நிலையத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனினும், பால்மர விறகில் வைத்த பொங்கலை ஏற்ற மாரியம்மன், பேரப்பிள்ளைகள் காலத்தில் பெரும்பகுதி நிலக்கரியாலும் எரிவாயுவாலும் ஆன மின்னொளியில் அமர்ந்திருக்கிறாள் என்பது மிகைக்கூற்றாகாது.

சிமெண்டைப் பற்றித் தனியே பேச வேண்டியிருக்கிறது. ஈப்போவைச் சுற்றிச் செங்குத்தாக எழுந்து நிற்கும் குன்றுகள் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. மழைநீர் கல்லைக் கரைத்துக் குடைந்த குகைகள் அவற்றில் நிறைய. அக்குகைகளில் சீனரும் தமிழரும் கோயில் அமைத்தார்கள். சாம் போ தோங், 1926-இல் தோன்றிய பேராக் தோங் ஆகிய பௌத்தக் குகைக்கோயில்களும், குனோங் சீரோ குன்றின் அடியில் தைப்பூசத்துக்குப் பெயர்பெற்ற கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயமும் இவற்றில் புகழ்பெற்றவை. இக்குன்றுகளை மனிதர் இரண்டு விதமாகப் பயன்படுத்தினார்கள்: ஒரு சாரார் உள்ளே போய் வணங்கினார்கள், மற்றொரு சாரார் வெளியிலிருந்து உடைத்தார்கள். மலை தானாகவும் உடையும் என்பதை 1973 அக்டோபரில் குனோங் சீரோவில் நிகழ்ந்த பாறைச்சரிவு காட்டியது. அடிவாரத்துக் குடியிருப்பின் மேல் பெரும்பாறை விழுந்து சுமார் 40 பேர் மாண்டார்கள்.

உடைத்த கல்லில் ஒரு பகுதி சிமெண்டாகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது எரிபொருளிலிருந்து மட்டுமன்றிக் கல்லிலிருந்தே கரியமில வாயு பிரிகிறது. பல கோடி ஆண்டுகளாகக் கல்லுக்குள் உறைந்திருந்த கரிமம் வானுக்குப் போகிறது. உலகின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலுடையது. ஆகவே ஒரு சுண்ணாம்புக் குன்று உடைபடாமல் நிற்பது அழகியல் சார்ந்த செய்தி மட்டுமில்லை, பருவநிலை சார்ந்ததும்கூட.

ஈப்போவுக்கு வடக்கே, நெடுஞ்சாலையில் செல்வோர் கண்ணில் படும் குனோங் கந்தான் மலையில் இந்த இரு பயன்பாடுகளும் நேருக்கு நேர் மோதின. மலையின் பெரும்பகுதியைச் சிமெண்டு ஆலை பல பத்தாண்டுகளாக வெட்டி வந்தது. ஒரு பக்கக் குகையில் தம்ம சாக்கியமுனி குகை மடம் என்ற பௌத்தத் துறவியர் மடம் இருந்தது. 2013-ஐ ஒட்டி ஆலையின் அப்போதைய உரிமையாளரான லஃபார்ஜ் நிறுவனம், எஞ்சிய பகுதிக்கும் கல்லுடைப்பை விரிவாக்க முனைந்தபோது, உயிரியல் அறிஞரும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்தார்கள். மடத்தாரும் தம் இடத்தை விட மறுத்தார்கள். உலகில் வேறெங்கும் அறியப்படாத பொறிக்கதவுச் சிலந்தி, அதாவது வளையின் வாயில் மண்ணும் பட்டும் கொண்டு மூடி அமைத்து இரைக்குக் காத்திருக்கும் சிலந்தி வகை ஒன்று, அந்த மலையின் பெயரையே தாங்கியிருக்கிறது. 2014-இல் விவரிக்கப்பட்ட மிகச்சிறிய நத்தை ஒன்றுக்கு அறிவியலாளர்கள் லஃபார்ஜின் பெயரைச் சூட்டினார்கள். மலை அழிந்தால் நத்தையோடு நிறுவனத்தின் பெயரும் அழிந்துபோன உயிர்களின் பட்டியலில் ஏறும் என்ற இந்த நுட்பமான எச்சரிக்கைக்கு எந்தத் துண்டறிக்கையும் ஈடாகாது. 2019-இல் ஆலை உள்நாட்டு நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறிய பின்னும் மடத்துடனான தகராறு தொடர்ந்து நீதிமன்றம் ஏறியது. அங்கே முதன்மையாக நின்ற கேள்வி சிலந்தியைப் பற்றியதோ கரியமில வாயுவைப் பற்றியதோ அன்று. நிலத்துக்குப் பதிவுபெற்ற உரிமையாளர் யார் என்பதே.

துறவிகள் பருவநிலையைக் காக்கும் எண்ணத்தோடு குகைக்குள் போகவில்லை. தியானத்துக்கு அமைதியான இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் உடைபட இருந்தபோது நகராமல் இருந்தார்கள். இருந்தும், பேராக்கில் ஒரு சமயக் குழு கரிமம் மிகுந்த ஒரு பெருந்தொழிலின் பாதையில் குறுக்கே நின்ற நிகழ்வு என்று சுட்ட வேண்டுமானால் இதைத்தான் சுட்ட முடிகிறது. சமயத்தார் சூழலுக்காக நிகழ்த்தும் வலுவான செயல்கள் பெரும்பாலும் ஓர் இடத்தின் மீதான பற்றிலிருந்தே பிறக்கின்றன என்பதும், அப்பற்றுக்குச் சட்டத்தின் ஆதரவு நிலப்பட்டா அளவுக்கே கிடைக்கிறது என்பதும் கந்தான் மலையின் கதையிலிருந்து பெறப்படுகின்றன. கோபுரத்துக்கு மூட்டை மூட்டையாகச் சிமெண்டு வாங்கும் பக்தரும் குன்றுக் குகையில் வணங்கும் பக்தரும் பல வேளைகளில் ஒருவரே என்பது இதிலுள்ள முரண். அதைப் பேசும் திருப்பணிக் குழுக்கள் அரியவை.

உலக அரங்கிலோ 1980களிலிருந்து பிரகடனங்கள் குவிந்தன. 1986-இல் இத்தாலியின் அசிசி நகரில் ஐந்து சமயங்களின் சார்பில் இயற்கை பற்றிய அறிக்கைகள் வெளியாயின. அவற்றில் இந்து அறிக்கையை வழங்கியவர் கரண் சிங். 2009-இல் மெல்பர்ன் உலகச் சமய மாநாட்டையொட்டிப் பருவநிலை மாற்றம் குறித்த இந்துப் பிரகடனம் வந்தது. 2015-இல் பாரிஸ் உடன்பாட்டுக்கு முன்பாகப் போப் பிரான்சிஸின் சுற்றுமடலும், இஸ்தான்புல்லில் இஸ்லாமியப் பிரகடனமும், புதுப்பிக்கப்பட்ட இந்துப் பிரகடனமும் ஓராண்டுக்குள் அடுத்தடுத்து வெளிவந்தன. சொல்லோடு நில்லாத முயற்சிகளும் உண்டு: திருமலையில் 2002 முதலும், ஷீரடியில் 2009 முதலும், சூரிய வெப்பத்தைக் குவியாடித் தட்டுகளால் திரட்டி நீராவி எடுத்து அன்னதானம் சமைக்கும் ஏற்பாடு செயற்பட்டது, ஷீரடியில் நிறுவப்பட்ட தட்டுகள் 73. ஆனால் திருமலையும் ஷீரடியும் சொந்த நிலமும் பெருஞ்செல்வமும் சட்டவழி அமைந்த நிர்வாகமும் கொண்டவை. அவற்றை முன்மாதிரியாகக் காட்டித் தோட்டத்து மாரியம்மன் கோயிலிடம் பேசுவது, வாடகை வீட்டில் இருப்பவரிடம் மாடி எழுப்பச் சொல்வதற்கு நிகர்.

மலேசியாவில் 2011-ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தின் கீழ், சூரியத் தகடுகளில் உற்பத்தியாகும் மின்சாரத்தை நிர்ணயித்த விலைக்கு விற்கும் திட்டம் வந்தது. வழிபாட்டுத் தலங்கள், கல்விக்கூடங்கள் போன்ற சமூக அமைப்புகளுக்கென ஒரு பிரிவும் அதில் பின்னர் சேர்க்கப்பட்டது. சூரிய மின்சாரத்துக்கான ஒப்பந்தக் காலம் 21 ஆண்டுகளாக இருந்தது. 2016-இல் தொடங்கிய நிகர அளவீட்டுத் திட்டம், தன் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை வலைக்குக் கொடுத்துக் கட்டணத்தில் கழித்துக்கொள்ள வழிசெய்தது. இரண்டும் நல்ல திட்டங்களாக இருந்தன. ஆனால் அடுத்த ஆண்டு அந்த இடத்தில் நிற்குமா என்று உறுதியில்லாத கோயிலின் கூரைக்கு 21 ஆண்டு ஒப்பந்தத்தால் என்ன பயன்? மின்னளவி கோயிலின் பெயரில் இருக்க வேண்டும். கோயில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நிலத்துக்கு உரிமையோ உரிமையாளரின் இசைவோ வேண்டும். பழைய தோட்டக் கோயில்களில் பல இந்த மூன்றாவது படியில் தடுக்கி விழுகின்றன. பட்டா பெற்ற நகரக் கோயில்களுக்கு அந்தத் தடை இல்லை. அங்கே குழுவின் மனம்தான் தடை. கோபுரத்துக்கு நன்கொடை தருபவரின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது, கூரைத் தகட்டில் பெயர் பொறிக்க இடமில்லை என்பதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

பதிவு பெற்ற வழிபாட்டுத் தலங்களுக்கு மின்கட்டணத்தில் பத்து விழுக்காடு கழிவு தரப்படுவது, சிக்கனத்துக்கான தூண்டுதலைச் சற்றே குறைக்கவும் செய்கிறது. 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன், சிக்கனச் சட்டம் ஆண்டுக்கு 21,600 கிகாஜூலுக்கு, அதாவது ஏறத்தாழ அறுபது இலட்சம் அலகு மின்சாரத்துக்கு ஈடான எரிசக்தியைப் பயன்படுத்தும் பெருநுகர்வோரையே முதன்மையாகக் கட்டுப்படுத்துகிறது. எந்தத் தோட்டக் கோயிலும் அந்த அளவை நெருங்காது. எனவே பேராக்கின் கோயில்கள் எரிசக்தியில் என்ன செய்கின்றன என்பது சட்டத்தாலோ உலகப் பிரகடனங்களாலோ முடிவாகாமல், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முடிவாகிறது. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற கோயில்கள் ஆண்டுதோறும் கணக்கறிக்கையைச் சங்கப் பதிவதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அக்கணக்குகளில் மின்கட்டணத்துக்கும், சமையல் எரிவாயுவுக்கும், எண்ணெய்க்கும், திருப்பணிச் சிமெண்டுக்கும் வரிகள் இருக்கின்றன. விழா மலர்கள் விட்டுவிட்ட எரிபொருள் வரலாற்றை எழுத விரும்புவோர் முதலில் திறக்க வேண்டிய கோப்புகள் அவையே.